சத்தம் போன சக்கரம்

டீச்சர்,

தையல் மிஷினுக்கு எண்ணெய் விடலாம் என்று இன்று காலை அதன் இழுப்பறையைத் திறந்தேன். எண்ணெய்க் குப்பியின் மூடி சரியாக இறுகவில்லை. கொஞ்சம் கசிந்து, நூல்கண்டுகள் எல்லாம் அந்த வாசனையில் ஊறிக் கிடந்தன. மற்றவர்களுக்கு அது மிஷின் எண்ணெய். எனக்கு அது கரமனையில் உங்கள் வீட்டுப் பின்முற்றம், கீழே விரித்த வேட்டி, அதன்மேல் கவிழ்த்து வைத்த சைக்கிள். வேறு நாளாக இருந்தால் ஒரு நிமிடம் நின்று முகர்ந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இன்று முடியவில்லை. நேற்றைய கோபம் இன்னும் அடங்கவில்லை.

நேற்று நம் பள்ளியில் உங்களுக்கு இரங்கல் கூட்டம். படமும் மாலையும் விளக்கும் குறைவில்லாமல் இருந்தன. நம்மோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற வரலாற்று சார் பேச எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு டீச்சர்னு சொன்னதும் எனக்கு முதல்ல ஓர்மை வர்றது அந்தக் குட்டி சைக்கிள்தான். ஒரு நாள் கேட்டுக்கு முன்னாடி தொபுக்கடீர்னு விழுந்தாங்களே, பார்த்தவங்க யாராவது இங்க உண்டா?"

கூட்டம் சிரித்தது. அன்பான சிரிப்புதான். அதனால்தான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்னத்தைப் பயமில்லாமல் போடக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். உங்களைப் பற்றி இவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நீங்கள் விழுந்தது. ஏன் விழுந்தீர்கள் என்பது அன்றைக்கும் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை, நேற்றும் வேண்டியிருக்கவில்லை.

நேற்று நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. உங்கள் அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் நீங்கள் இருவர் மட்டும். காலையில் ஊட்டிவிட்டு வந்துவிடலாம், மத்தியானத்துக்கு? நம் பள்ளி இருந்த கோட்டையிலிருந்து கரமனைக்கு பஸ் வரும் என்று நம்பி நின்றால், சாப்பாட்டு இடைவேளை நிறுத்தத்திலேயே தீர்ந்துவிடும். ஆள் வைத்துப் பார்த்தீர்கள், யாரும் நிலைக்கவில்லை. "வேலையை விட்டுர வேண்டியதுதான் டீச்சர்" என்று கை கழுவும் குழாயடியில் என்னிடம் சொன்னீர்கள். அழவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

அப்புறம்தான் உங்களுக்கு அந்த சைக்கிள் ஞாபகம் வந்தது. மஸ்கட்டில் இருந்த உங்கள் தம்பி தன் மகனுக்கென்று கொண்டுவந்த மஞ்சள் பி.எம்.எக்ஸ். பையன் வளர்ந்து கால் நீண்டு போனதும், விறகுப்புரையில் ஒட்டடையோடு சாய்ந்து நின்றிருந்தது. பெண்கள் ஓட்டும் சைக்கிளில் உட்கார்ந்தால் உங்கள் கால் தரையில் எட்டாது. இதில் எட்டியது. முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தை ஓர் ஊக்கால் பிடித்துக்கொண்டு, மணி அடித்ததும் புறப்படுவீர்கள். கிள்ளிப்பாலம் வழியாகக் கரமனை போய், அப்பாவுக்குச் சோறு கொடுத்து, அடுத்த மணிக்கு முன்னால் திரும்பிவிடுவீர்கள். வேலையும் தப்பியது, அப்பாவும் பசியாறினார். இவ்வளவுதான் விஷயம். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு சத்தம் உண்டு. மிதிக்காமல் விட்டாலும், கையால் தள்ளிக்கொண்டு நடந்தாலும் பின் சக்கரத்தின் நடுவிலிருந்து டிக் டிக் டிக் என்று கேட்கும். நம் ஊர் சைக்கிளிலும் உண்டு, இதில் கொஞ்சம் அதிகம். ஆபீஸ் ஜன்னல் ஓரமாகத்தான் நீங்கள் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். நானும் உடன் இருந்தேன்.

"டீச்சர், ஒரு காரியம் சொல்லட்டா? தப்பா நினைக்கப்படாது. அந்த வண்டிச் சத்தம் கேட்டா பிள்ளைங்க எல்லாம் மதில்மேல ஏறி நிக்குது. அதை ஒண்ணு நிப்பாட்டணும்."

"சைக்கிளையா சார்?"

"ஏ, இல்லை! சத்தத்தை."

நீங்கள் அன்றைக்கே சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனீர்கள். கடைக்காரர் பின்பக்கத்துப் பல்சக்கரத்தைத் திறந்து, கெட்டி கிரீஸை அள்ளி அள்ளி உள்ளே அடைத்தார். "டீச்சரே, ஒச்ச போயாச்சு, ஒரு சத்தமும் இல்ல. இனி பூனை மாதிரி வரும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். மறுநாள் தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகத் தலையாட்டிப் பாராட்டினார். எல்லோருக்கும் திருப்தி.

அதற்கப்புறம்தான் சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. அழுத்தி மிதித்தால் பிடிமானம் போய், பெடல் வெறுமனே சுற்றும். கடைக்காரரிடம் திரும்பவும் போனீர்கள். "இது கல்ஃப் சாதனம். டீச்சர் பைய சவிட்டணும், அழுத்தி மிதிக்கப்படாது. பெண்ணுங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது" என்றாராம். கணக்கு டீச்சரிடம்! அதை என்னிடம் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்கு வரவில்லை.

பள்ளி வாசலுக்கு முன்னால் ஓர் ஏற்றம் உண்டல்லவா? அங்கேதான் அது நடந்தது. திரும்பி வரும்போது எழுந்து நின்று மிதித்தீர்கள். சக்கரம் விட்டுவிட்டது. முழங்கால் கைப்பிடியில் மோதி, நீங்களும் தூக்குச்சட்டியும் வண்டியும் மூன்று பக்கமாகப் போனீர்கள். நான் ஓடி வந்தபோது சேலை கிழிந்து முழங்காலில் ரத்தம். சுற்றி நின்றவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"இந்த வயசுல இது வேணுமா டீச்சர்?"

"சேலையைக் கட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டினா பின்னே எப்படி?"

"கல்யாணமாகாத பொம்பளைக்கு இவ்வளவு வேகம் எதுக்கு?"

அதற்கு முந்தின மழைக்காலத்தில் இதே வாசலில் வரலாற்று சார் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தார். தலைமையாசிரியர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். "டயர் தேஞ்சிருக்கும் சார், ஒண்ணு மாத்திருங்க" என்றார். வேட்டி கட்டிக்கொண்டு ஏன் ஸ்கூட்டர் ஓட்டினீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் விழுந்தபோது டயரைப் பார்த்த கண்கள், நீங்கள் விழுந்தபோது சேலையைப் பார்த்தன.

அன்று மாலை தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்: "நாளையிலிருந்து அந்த வண்டி கேட்டுக்குள்ள வரப்படாது."

"அப்போ மத்தியானம் அப்பாவுக்குச் சோறு, சார்?"

"அது வீட்டுக் காரியம் டீச்சர். நான் எப்படிச் சொல்ல?"

சத்தத்தை நிறுத்தச் சொன்னவர் அவர். நிறுத்தப்போய்த்தான் சக்கரம் கெட்டது. அது அவருக்குத் தெரியாது. நமக்கும் அப்போது தெரியாது. கண்டுபிடித்துக் கொடுத்தவர் கட்டிலில் கிடந்த உங்கள் அப்பா.

அந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அவர் உங்களைப் பற்றி என்னிடம் முறையிட்டார்: "இவ முன்னாடியெல்லாம் தெரு முக்குல திரும்பும்போதே டிக்கு டிக்குன்னு கேக்கும் டீச்சர். நானும் இந்தக் கையை ஊணி, தலையணையில சாஞ்சு உக்காந்துருவேன். இப்போ பூனையாட்டம் வந்து தலைமாட்டுல நிக்கிறா. பயந்துல்ல போறேன்!"

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "அப்பா, எப்போலேர்ந்து?"

"அந்தக் கடைக்காரன்கிட்டக் கொண்டு குடுத்தியே, அன்னையிலேர்ந்துதான்."

"வழுக்குறதும் அன்னையிலேர்ந்துதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தானாக வழி கண்டுபிடிக்கும்போது அதன் முகம் அப்படித்தான் ஆகும்.

உடனே பின்முற்றத்தில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். பல்சக்கரத்தின் முகத்தில் ஒரு வளையம், அதில் இரண்டு சின்னக் குழிகள். குழியில் ஆணியை வைத்து சுத்தியலால் நான் இடப்பக்கமாகத் தட்டினேன், எந்தத் திருகையும் திறக்கிற மாதிரி. அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். ஆணி வளைந்தது. "எதுக்கும் அந்தப் பக்கம் தட்டிப் பார்ப்போம் டீச்சர்" என்றீர்கள். வலப்பக்கம் தட்டியதும் வெண்ணெய் மாதிரி கழன்றது! அதன் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருந்தது.

கழன்றதும் பால்ஸ் என்கிற கடுகளவு இரும்புக் குண்டுகளெல்லாம் வேட்டியில் கொட்டின. அதற்குத்தான் வேட்டி. உள்ளே பார்த்தோம். கறுப்புக் கிரீஸும் மணலும் பிசைந்த களி. அதை வழித்தெடுத்த பிறகு இரண்டு சின்ன இரும்பு நாக்குகள் தெரிந்தன.

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளலாம். கதவைச் சாத்தும்போது அதன் நாக்கு மடங்கிக்கொடுத்து, பிறகு எழுந்து பிடித்துக்கொள்ளும். இதுவும் அப்படித்தான். மிதிக்கும்போது நாக்கு நிமிர்ந்து, உள்பக்கத்துப் பல்லில் பிடித்துச் சக்கரத்தை இழுக்கும். மிதிக்காதபோது ஒவ்வொரு பல்லிலும் மடங்கி எழும். அந்த எழுச்சிதான் டிக் டிக். கெட்டிக் கிரீஸில் புதைந்த நாக்கால் எழ முடியவில்லை. அதனால் சத்தமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

"சத்தம் வியாதி இல்ல டீச்சர். அதுதான் சக்கரத்தோட உசுரு" என்றீர்கள்.

மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவினோம். விரலால் அழுத்தி விட்டதும் நாக்கு டிக்கென்று நிமிர்ந்தது. பால்ஸ் உருண்டுபோகாமல் இருக்க விரல்நுனிக் கிரீஸ். நாக்குகளுக்கு என் வீட்டுக்குப் போய் நான் எடுத்துவந்த தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு. மூடிச் சுழற்றினீர்கள். முற்றம் முழுக்க டிக் டிக் டிக்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: "ஆ, அதான்! அது சரி, விரிச்சது யாரு வேட்டி?"

"உங்களுதுதான்."

"கிரீஸ் ஆயாச்சா? புது வேட்டி உங்க ஹெட்மாஸ்டரை வாங்கித் தரச் சொல்லு!"

திங்கட்கிழமை சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நாம் இருவரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். நீங்கள் படிப்படியாக விளக்கினீர்கள்: சத்தம், கிரீஸ், நாக்கு, வழுக்கல், விழுந்தது. கரும்பலகை ஒன்றுதான் குறை. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "வண்டி சரியாயிருக்கும் டீச்சர். அதில்ல காரியம்."

"பின்னே எது சார் காரியம்?"

அவர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். "பார்க்க ஒரு இது வேண்டாமா?"

அந்த 'ஒரு இது' என்னவென்று அவர் ஓய்வுபெறும் வரை சொல்லவில்லை. ஒரு பிள்ளை விடைத்தாளில் அப்படி எழுதினால் பூஜ்யம் போடுவோம். அவர் சொன்னால் அது பள்ளியின் சட்டம்.

நீங்கள் சண்டை போடவில்லை. "கேட்டுக்குள்ள வரப்படாது, அவ்வளவுதானே சார்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டீர்கள். எதிரே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த அம்மாவிடம் பேசி, கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தினீர்கள். மணி அடித்ததும் வாசல்வரை நடை, அப்புறம் சைக்கிள். ஏற்றத்தில் இறங்கும்போது டிக் டிக் சத்தம் மதிலைத் தாண்டி ஆபீஸ் வரை கேட்கும். அப்பா இருந்த நாள் வரைக்கும் ஒரு மத்தியானமும் அவருக்குச் சோறு தவறவில்லை. நீங்கள் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. இதெல்லாம் ஒருவருக்கும் ஓர்மை இல்லை.

அதனால்தான் நேற்று சிரிப்பு அடங்குமுன் எழுந்துவிட்டேன். மைக்கை வாங்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் இன்னும் இருக்கிறது.

"சார், நீங்களும் அதே கேட்டு முன்னாடி ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தீங்களே, ஓர்மை உண்டா?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "அது டயர் டீச்சரே! டயர் மொட்டையாயிருந்தது!"

"அவங்களுக்கு கிரீஸ் சார்" என்றேன்.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன்: நாக்கு, பல், வேட்டி, மிஷின் எண்ணெய், எதிர்க்கடை. கொஞ்சம் நீண்டுபோய்விட்டது, டீ ஆறிவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஆறட்டும்.

டீச்சர், உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு பிள்ளை தாமதமாக வந்தாலும், தோற்றுப்போனாலும், பாடத்துக்கு நடுவில் அழுதாலும், உனக்கு என்ன கேடு என்று நான் கேட்டதில்லை. எது பிடிமானம் இல்லாமல் விட்டது என்று கேட்டேன். சில நாள் அது குடையாக இருந்தது, சில நாள் கண்பார்வை, சில நாள் வீடு.

இந்தக் கோபமும் உங்களால் வந்ததுதான். இந்த வயதில் கோபம் ஆகாது, பிரஷர் ஏறும் என்கிறாள் மருமகள். அதன்மேல் கிரீஸ் பூசி அடைக்க எனக்கு மனமில்லை. அது சத்தம் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.