பீலிக்கு மேலே ஒரு குழி

ஜூன் 4, திங்கள்

ஆமாம், நோட்டீஸை முதலில் பார்த்தது நான்தான். அதுவும் சனிக்கிழமையே. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.

காலையிலிருந்து மழை. கடையில் பாண் இல்லை. சாப்பிட மரவள்ளி, சம்பல்தான்.

விஷயம் இதுதான். கிராமசபைக் கந்தோர் சுவரில் ஒரு தாள், சிங்களத்தில் மட்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, தேயிலைத் தோட்ட எல்லை தாண்டிய காணியில் மாணிக்கக் குழி வெட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் எட்டாம் தேதி நாலு மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். எங்கள் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீர் அந்தக் காணி ஊற்றிலிருந்து. இருபது காம்பராக் குடும்பத்துக்கும் அந்த ஒரு பீலி. மேலே குழி வெட்டினால் ஒன்று தண்ணீர் நின்றுவிடும், இல்லை சேறாக வரும். இது விளங்க ஒன்பதாம் வகுப்பு பாஸ் ஆக வேண்டியதில்லை. நல்லவேளை.

காணிக்காரர் சுனிலின் அப்பா, ரோட்டுக் கடை முதலாளி. சுனில் என் கூட்டாளி, எனக்குச் சிங்களம் வந்ததே அவனோடு சுற்றித்தான். குழி தொடங்கினால் எனக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை, கல் கிடைத்தால் பங்கு. போன மாதமே சொல்லிவிட்டான். பலாங்கொடை டவுனில் அறை எடுக்கலாம். காலையில் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

அதனால்தான் இரண்டு நாள்.

ஜூன் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அம்மா பீலியில் குடத்தை வைத்துவிட்டு நின்றதைப் பார்த்ததும் ஏனோ பொறுக்கவில்லை. நேரே தோட்டக் கமிட்டித் தலைவரிடம் போனேன். வேலை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

மாலை லயத்து முன்னால் கூட்டம். தலைவர் பேசினார், பேசினார். பிறகு நான் சிங்களத்தில் கடிதம் எழுதினேன். முப்பத்தொரு பேர். கையெழுத்து ஏழு, மீதி கைநாட்டு. பக்கத்துக் காம்பரா முத்தாயி அக்கா விரலை நீட்டிக்கொண்டே, "எம் புருஷன் பேரப் போட்டுறாத. அவரு குளிச்சு ஒரு மாசமாச்சு, இந்த லயத்துக்கு எதுக்குத் தண்ணின்னு கேட்டுருவாங்க" என்றது. புருஷன் பின்னாலேயே நின்றார். அவரும் சிரித்தார்.

கடிதத்தைத் தலைவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காலையில் கொடுத்துவிடுவாராம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பிளேடு, மை.

ஜூன் 7, வியாழன்

மழை விட்டது. அட்டை மூன்று, இடது காலில்.

தலைவர் கடிதத்தைத் தோட்ட ஆபீசில் கொடுத்திருக்கிறார். கிராமசபையில் இல்லை. தோட்ட ஆபீசில்.

கேட்டேன். அவர் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார். "தொரை கையெழுத்து இல்லாம இந்தத் தோட்டத்துலருந்து என்னைக்குத் தம்பி கடுதாசி வெளிய போயிருக்கு?"

கோபப்பட முடியவில்லை. ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு, பிள்ளை பிறந்த பதிவு, பள்ளிக்கூடச் சேர்ப்பு, எல்லாம் தோட்ட ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான் போகும். எனக்கு வருகிற கடிதத்திலும் என் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயர்.

ஆபீசுக்கு ஓடினேன். பெரிய கிளாக்கர், தோட்ட மேனேஜர் துரையின் மேசைத் தட்டைக் காட்டினார். கடிதம் அதில். துரை கொழும்பில், திங்கட்கிழமை வருவார். அவர் பார்க்காமல் தட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாதாம்.

நாளை நாலு மணி கெடு.

சும்மா இருந்தாலே போதும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பிழை தலைவருடையது, தட்டு கிளாக்கருடையது, வேலை எனக்கு. இதை எழுதிவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தேன்.

ஜூன் 8, வெள்ளி

புதிதாக எழுதினேன், அதே கடிதம். எல்லோரும் மலையில். பகல் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போய்விட்டேன். கணக்குப்பிள்ளை கத்தினார். கைநாட்டு வைக்க மை இல்லை. நனைத்தால் ஊதா மையாகிற அவருடைய காப்பிப் பென்சிலையே பிடுங்கி, எச்சில் தொட்டு ஒவ்வொரு கட்டைவிரலிலும் தேய்த்தேன். கையெழுத்துக்கு நேரமில்லை, எல்லாம் ஊதாக் கைநாட்டு, இருபத்தெட்டு. மூன்று பேர் வேலைக்கு வரவில்லை.

ரோடு வரை ஓட்டம். பஸ் போய்விட்டது. மறுபடி ஓட்டம்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம். கிராமசபைக் கிளாக்கர் முத்திரை குத்தினார். வாங்குப் பலகையில் சுனிலின் அப்பா, முதலாளி, உட்கார்ந்திருந்தார். கடிதத்தை எட்டிப் பார்த்து, நீதானா எழுதினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நல்லது.

ஜூன் 13, புதன்

விசாரணை. மண்டபத்தில் முன் வாங்கு உறுப்பினர்களுக்கு, பின்னால் நாங்கள் பதினைந்து பேர், அம்மாவும் முத்தாயி அக்காவும் உள்பட, அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று. ஜன்னல் பக்கம் சுனில். என்னைப் பார்க்கவில்லை.

ஓர் உறுப்பினர் எடுத்த எடுப்பில், தோட்டத்து ஆட்களுக்குச் சபையில் வாக்கே இல்லையே, ஆட்சேபம் எப்படி என்றார். சபைத் தலைவர் வயதானவர், மெதுவாகப் பேசுவார். வாக்கு இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிப்பார்கள்தானே என்றார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

முதலாளி எழுந்தார். ஊற்றைத் தொடமாட்டேன் என்றார். பத்துப் பேருக்கு வேலை வரும் என்றார். பிறகு, இதோ பேசிக்கொண்டிருக்கிற இந்தப் பையனுக்கும் வேலை சொல்லி வைத்திருக்கிறேன், கேளுங்கள் என்றார்.

சபைத் தலைவர் என்னைப் பார்த்தார், இதையும் தமிழில் சொல்லு என்று. அதை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்காவது சிங்களம் விளங்கும். அம்மாவுக்கு விளங்காது.

"எனக்கும் குழியில வேல தாறேன்னு சொல்லியிருக்காரு" என்றேன். "ஒரு மாசமா எனக்குத் தெரியும்."

அம்மா முந்தானையைச் சரிசெய்தது. முத்தாயி அக்காதான், "செய்யி தம்பி. செஞ்சிட்டு வந்து சேத்துக் கால எந்தத் தண்ணியில கழுவுவ?" என்றது.

என்ன சொன்னாள் என்று சபைத் தலைவர் கேட்டார். சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது யாரும் என்னோடு நடக்கவில்லை. பாதி வழியில் அம்மா நின்று, குடையைக் கொடுத்தது.

ஜூன் 28, வியாழன்

வெயில். பீலியில் துணி துவைக்கிற சத்தம், ஒரே சண்டை. நல்ல தண்ணீர்.

சபைக் கடிதம் வந்துவிட்டது. 'துரை வழியாக' என்று விலாசம். மூன்று நாள் அதே தட்டில் கிடந்திருக்கிறது! சிங்களம் வாசிக்க ஆள் வேண்டுமென்று பெரிய கிளாக்கர் என்னையே கூப்பிட்டார். ஊற்றுக்கு மேலே அனுமதி இல்லை. லயத்துக்குக் கீழே உள்ள முதலாளியின் வயலில் வெட்டலாம், புதிதாக விண்ணப்பித்தால். தலைவர் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அடுத்த தடவ நேரா கொடுத்துருவோம் தம்பி" என்றார். துரையிடம் சொல்லிவிட்டுத்தானாம்.

சுனிலைப் பதினைந்து நாளாகப் பார்க்கவில்லை.

கீழே வயலிலிருந்து விசில். அவன் விசில்தான், இரண்டு நீளம் ஒரு குட்டை. எட்டிப் பார்த்தேன். வரப்பில் நிற்கிறான், கையில் மண்வெட்டி. வேலைக்குக் கூப்பிடுகிறானா, அடிக்கக் கூப்பிடுகிறானா, தெரியவில்லை. மறுபடி விசில். நான் போக வேண்டும்.