தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன்

இன்று மதியம் நம் பங்குக் கோயில் மண்டபத்து அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு உன் துணிப்பை கீழே விழுந்தது. உள்ளே பேட்டரி இல்லாத டிவி ரிமோட், ஒரு கரண்டி, எந்தப் பள்ளியுடையது என்று தெரியாத ஒரு டை, கண்ணாடி கழன்றுபோன மூக்குக்கண்ணாடிச் சட்டம். வேறு யாராவது எடுத்திருந்தால் குப்பையில் போட்டிருப்பார்கள். நாம் இருவரும் பல ஆண்டுகள் இவற்றை வைத்துத்தான் குடும்பங்களை உண்டாக்கினோம்.

சனிக்கிழமை பிற்பகல்களில் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஓராண்டுப் பயிற்சி முடிந்ததும் பங்கின் இளையோர் குழுக்களை அவர்கள்தான் நடத்த வேண்டும். சண்டையோ நோயோ, பிள்ளையைப் பற்றிய கவலையோ இருக்கும் வீடுகளுக்கு இருவர் இருவராகப் போய் உட்கார வேண்டும். பாடங்களை நான் எழுதிக்கொண்டு வருவேன். நீ கோபாலபுரத்துப் பள்ளியில் பாதி நாள் வேலை முடித்துவிட்டு, அந்தப் பையோடு வியர்த்துப்போய் வந்து சேர்வாய்.

ஒருநாள் நீ அப்பா வேடம் போட்டாய். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாணவன் ஆன்டோ அந்த வீட்டைப் பார்க்க வந்தவனாக நடிக்க வேண்டும். உட்கார்ந்த வேகத்தில், “ஜெபம் பண்ணலாமா அங்கிள்?” என்றான்.

“மேட்ச் முடியட்டும்பா.”

அவன் வேதாகமத்தைத் திறந்தான். நீ ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினாய். பிள்ளைகள் சிரித்து ஓய்ந்த பிறகு அவனிடம் சொன்னாய்: “வந்து ரெண்டு நிமிஷம் ஆவல, ஜெபம் பண்ணிட்டு ஓடணும்னு பாக்கற. எனக்கு ஏன் வேலை போச்சுன்னு கேட்டியா?”

அந்த அப்பாவுக்கு வேலை போயிருந்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். நான் எழுதிய பாடத்தில் அது இல்லை.

நீ உன் கணவரைவிட்டுத் தனியாக வந்த ஆண்டில் நம் வகுப்பு நன்றாக நடந்துகொண்டிருந்தது. மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டைப் பார்க்க உன்னோடு நானும் வந்தேன். வீட்டுக்கார அம்மா, “சார் எங்க வேலை பாக்கறாரு?” என்று கேட்டார்.

“சார் வரமாட்டார்” என்றாய்.

அந்த அம்மா உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாடில துணி காயப்போட எடம் இருக்கு” என்றார். மறுவாரமே குடிவந்தாய். என்னிடம் மட்டும் சொன்னாய், “யார்கிட்டயும் சொல்லாத செலின். நானே நேரம் பாத்து சொல்றேன்.”

உனக்கு அந்த நேரம் வாய்க்கவில்லை. யாரோ பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். கணவரோடு வாழாத ஒருத்தி பிள்ளைகளுக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லித்தர முடியும் என்பது கேள்வி. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவை கூடியது. உன்னை அழைக்கவில்லை. உன்னோடு வகுப்பு நடத்துகிறவள் என்பதால் என்னை அழைத்தார்கள்.

பேரவைச் செயலர் கோபமில்லாமல்தான் கேட்டார். “உங்களுக்கு இது தெரியுமாம்மா?”

“தெரியாது” என்றேன்.

நீ சொல்லாதே என்றாயே, அதைக் காப்பாற்றினேன் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டார். “தெரிஞ்சிருந்தா அவங்களோட சேந்து நடத்தியிருப்பீங்களா?”

அதற்கு நான், “தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்” என்றேன்.

அந்தப் பதிலை யாரும் என்னிடம் வற்புறுத்தி வாங்கவில்லை. நடத்தியிருப்பேன் என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் இரண்டு பேராவது தலையாட்டியிருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். நீ கொஞ்ச காலம் ஓய்வெடுக்கலாம் என்று எழுதி முடித்தார்கள். கூட்டம் கலையும்போது காபி கொடுத்தார்கள். நானும் குடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீ பை இல்லாமல் வந்தாய். “பத்து நிமிஷம் குடு” என்று என்னிடம் கேட்டாய். பிள்ளைகள் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

“நான் இப்ப என் வீட்டுக்காரரோட இல்ல. எட்டு மாசமாச்சு. உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும், தைரியம் வரல. இனிமே கொஞ்ச நாள் வகுப்புக்கு வரமாட்டேன். வேற யாரோ சொல்லி நீங்க கேக்கறதவிட நானே சொல்றது நல்லதுன்னு வந்தேன்.”

சைதாப்பேட்டையிலிருந்து வரும் ரீட்டா பின்வரிசையில் எழுந்து நின்றாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. அதிகம் பேசாத பெண்.

“மிஸ், எங்க வூட்லயும் அப்பா இல்ல. எங்கள வுட்டுட்டுப் போய் ஆறு வருசம் ஆவுது. அப்பா துபாய்ல கீறாருன்னு கிளாஸ்ல சேரசொல்ல ஃபாரத்துல எழுதிக் குடுத்தேன். நெசத்த சொன்னா சேத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சிக்கினு பொய்யா எழுதினேன்.”

சேர்க்கைப் படிவத்தைத் தயாரித்தவள் நான். தந்தை பெயர், தந்தை தொழில், பெற்றோர் திருமணம் நடந்த ஆலயம் என்று வரிசையாக நானே தட்டச்சு செய்தது. அதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நீ எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாய். அணைக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. “சாப்ட்டியா?” என்று கேட்டாய். அவள் இல்லை என்று தலையாட்டினாள். நீ ரீட்டாவைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தைவிட்டுப் போனாய். மீதி வகுப்பை நான் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மாலை உன் வீட்டுக்கு வந்தேன். பேரவையில் நான் சொன்ன இரண்டு பதில்களையும் நின்றுகொண்டே உன்னிடம் சொன்னேன்.

“தெரியும்” என்றாய். “அன்னிக்கே ஒருத்தர் ஃபோன்ல சொல்லிட்டாரு.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீயா வரியான்னு பாத்தேன்.” அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். “தெரியாதுன்னு சொன்னது பரவால்ல, நான்தான் அப்டி சொல்ல வச்சேன். யோசிச்சிருப்பேன்னு சொன்ன பாரு, அது வலிச்சுது செலின். ரொம்ப வலிச்சுது. பசங்களுக்கு மனசுல வெச்சுக்காம சொல்லுங்கன்னு சொல்லிட்டு நான் வெச்சுக்கக் கூடாதில்ல. சொல்லிட்டேன். இப்ப உக்காரு, சாப்பிடு.”

புளிக்குழம்பும் அப்பளமும். நீ என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பங்குத்தந்தையைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். “அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா பேசியிருக்கலாம்மா. இப்ப எழுதியாச்சே” என்றார். அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, எனக்கு முதலிலிருந்தே தெரியும், தெரிந்துதான் உன்னோடு நடத்தினேன் என்று சொன்னேன். செயலர் குறித்துக்கொண்டார். முடிவு மாறவில்லை. வேறு பங்குத்தந்தை வந்து, “அந்த டீச்சர் ஏன் வர்றதில்ல?” என்று அவராகக் கேட்கும்வரை இரண்டு ஆண்டுகள் நீ வெளியே இருந்தாய். பிறகு மூன்று ஆண்டுகள் வந்தாய். முன்போலவே சிரித்தோம். ஆனால் வீட்டு விஷயம் எதையும் நீ என்னிடம் சொல்வது குறைந்திருந்தது. அது இயல்புதான் என்று ஏற்றுக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் அடையாறில் ஒரு மருத்துவமனையில் உன் இதயம் நின்றது. அடக்கப் பூசைக்கு உன் கணவர் வந்திருந்தார். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றார். யாரும் அவர் பக்கம் போகவில்லை. ரீட்டாதான் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும், பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். இப்போது சனிக்கிழமைகளில் அவள் என்னோடு வகுப்பு நடத்துகிறாள்.

படிவத்தை மாற்றிவிட்டேன். அதில் பெயர், படிப்பு, தொலைபேசி எண் மட்டும்தான். முதல் நாள் பாடத்தையும் மாற்றிவிட்டேன். அன்று குறிப்பு எதுவும் எடுத்துப் போவதில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேரவையில் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளையும் நான் சொன்ன இரண்டு பதில்களையும் புதிய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உன் பெயரைச் சொல்வதில்லை, என் பெயரைச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு ஒரு பெண் கேட்டாள், “அவங்க உங்க ஃபிரண்ட்தானே மிஸ்? ஏன் அப்டி சொன்னீங்க?”

“பயந்துட்டேன்” என்றேன்.

அவள் மேலும் ஏதாவது வரும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு காரணம் தேடுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. இன்னொரு பெண் கையைத் தூக்கி, “நானும் ஒண்ணு சொல்லலாமா மிஸ்?” என்றாள்.

சொல்லும்மா என்றேன். வகுப்பு முடிய வேண்டிய நேரம் தாண்டியும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.