மிலூரி இப்போது ஓடுவதில்லை

அந்த இசையை இப்போது முழு வாத்தியக் குழுவை வைத்து வாசித்திருக்கிறார்கள். விளையாட்டைத் திறந்ததும் வயலின்கள் எழும்பி ரவுண்ட் ராக் ஊரில் இருக்கும் என் வீட்டு ஹாலை நிறைத்துவிட்டன. என்னால் உட்கார முடியவில்லை. போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன், எதற்கென்று தெரியாமல் மூடினேன், திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. நம் பழைய டிவியில் அது பொம்மைப் பியானோ மாதிரி கீச்சிடும். நீ வாயாலேயே தாளம் போடுவாய்.

நம் பழைய வீடியோ விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் முதல் நாளே வாங்கி, எதையெல்லாம் கெடுத்துவிட்டார்கள் என்று எனக்கு ஃபோன் பண்ணியிருப்பாய். இப்போது அந்த வேலையும் என் தலையில்.

நியூ ஜெர்சியில் மாஸ்டர்ஸ் படித்தபோது நாம் இருந்த அபார்ட்மென்ட் நினைவிருக்கிறதா? ரயில் போனால் ஜன்னல் நடுங்கும். ஊருக்குத் திரும்பிய சீனியர் ஒருவர் விட்டுப்போன கேம் பெட்டி நமக்கு வாய்த்தது. ரம்ஜான் மாதத்தில்தான் அதை உண்மையில் பிடித்துக்கொண்டோம். நோன்பு திறப்பதற்கு முந்தைய அந்தக் கடைசி ஒரு மணி நேரம் உன்னைப் படுத்திவிடும். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துவிட்டு, "இந்த நேரம் நகரவே மாட்டேங்குதுடி. வா, நாலு பேரைக் காப்பாத்திட்டு வருவோம்" என்று கூப்பிடுவாய்.

காப்பாற்றப் போகிறவர்களின் லட்சணம் நமக்குத்தான் தெரியும். ரென்காவுக்குக் கையில் வாள், முகத்தில் பாதி கண்கள், வாய் மட்டும் மூடாது. கேடயம் தூக்கும் தோர்போ ஒவ்வொரு ஊரிலும் முதலில் சாப்பாட்டுக் கடையைத்தான் தேடுவான். முட்டி வலி என்று புலம்புவான். மண்ணடியில் இருக்கும் உன் பெரிய வாப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று அவனுக்குப் 'பெரிய வாப்பா' என்றே பட்டப்பெயர் வைத்தாய். பிறகு மிலூரி. காயத்தை ஆற்றுகிறவள். ஆனால் தன் மேல் நாலு அடி விழுந்தால் நாம் சொல்லாமலே சண்டையை விட்டு ஓடிவிடுவாள். விளையாடிய எல்லோரும் அவளைக் கழற்றிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். நானும் அதையே சொன்னேன். நீ கேட்கவில்லை. "ஓடினா என்ன, அடுத்த சண்டைக்கு வந்து நிக்கிறாளே" என்றாய்.

புதியதில் எல்லாம் அழகாக இருக்கிறது. ரென்காவின் முடி காற்றில் இழை இழையாகப் பறக்கிறது. தோர்போவுக்கு நிஜக் குரல் கிடைத்துவிட்டது. அவன் முனகும்போது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவன் சாப்பிடும் சூப்பில் ஆவி பறக்கிறது. ஆனால் மிலூரியைத் திருத்திவிட்டார்கள். எவ்வளவு அடி விழுந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். குரலும் இனிமை, வசனமும் உறுதி. நல்ல மாற்றம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க ஏனோ எரிச்சலாக வந்தது.

உன் மகள் ஜைனப்பும் இதைத்தான் விளையாடுகிறாள். சனிக்கிழமை பிற்பகல்களில் வெஸ்ட் வின்ட்சரில் உன் வீட்டிலிருந்து தன் திரையை எனக்குக் காட்டியபடி விளையாடுவாள். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பேன். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நீ போனபின் அவளிடம் பேச எனக்கு வேறு வழி அமையவில்லை.

போன வாரம் மிலூரி ஒரு பாலத்தில் தனியாக நின்று எல்லோரையும் காப்பாற்றினாள். பழைய மிலூரி இந்நேரம் ஓடியிருப்பாள் என்று நான் சும்மா சொன்னேன். ஜைனப் விளையாட்டை நிறுத்திவிட்டாள். அப்படியானால் உம்மா ஏன் அவளை வைத்துக்கொண்டார் என்று கேட்டாள். நீ சொன்னதைச் சொன்னேன்.

பிறகு அவள் சொன்னாள். உன் கடைசி நாள் பிற்பகலில் ஆஸ்பத்திரி அறைக்குள் அவள் வரவில்லை. தாழ்வாரத்தில் குளிர்பான மெஷின் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். கீழே கஃபேயில் இருப்பாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அவளிடம், உன் உம்மா எவ்வளவு தைரியசாலி, கடைசிவரை நின்று போராடினாள் என்கிறார்களாம். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்துவிட்டு நான் மட்டும் ஏன் இப்படி என்றாள்.

நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். சோபாவைச் சுற்றி, மேஜையைச் சுற்றி. உன் முதல் கீமோ சிகிச்சை நாளைப் பற்றி நீ என்னிடம் யாருக்கும் சொல்லாதே என்றதில்லை. சொல் என்றும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான். உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லவும் வழியில்லை.

"உன் உம்மாவும் ஓடினா" என்றேன்.

அவள் தமிழில் கேட்டாள். "உம்மா ஓடினாங்களா?"

"ஓடினா. கடல் வரைக்கும் ஓடினா."

சொல்லிவிட்டேன். நீ ஆஸ்பத்திரி பார்க்கிங் லாட்டில் கார் எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்ததை. அங்கிருந்து நேராகக் கடற்கரைக்கு ஓட்டிப் போனதை. உன் வீட்டுக்காரர் எங்கெங்கோ தேடியபோது நீ எனக்கு ஃபோன் பண்ணி, தண்ணீர் இவ்வளவு குளிராக இருக்கிறது, ஒரு கடற்பறவை என் ஃபிரைஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மூச்சுவிடாமல் பேசியதை. பேச்சு தீர்ந்ததும் அழுததை. நான் விமானம் பிடித்து வந்ததை. மறுபடி கொடுத்த தேதியில் நீயே ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டியதை.

யாராவது திட்டினார்களா என்று கேட்டாள். ஒருத்தரும் திட்டவில்லை என்றேன். அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும் சத்தம். கதவு திறந்தது. தூரத்தில் "வாப்பா" என்று கூப்பிட்டாள். அவர் என்ன என்றார். பிறகு இருவரும் பேசியது எனக்குப் புரியவில்லை. ஒரு கட்டத்தில் அவர் அழுவது கேட்டது. அவள் இல்லை, அவர். நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

நேற்று அவர் கூப்பிட்டார். ஜைனப் இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் சொன்னார். நான் எதையும் கேட்கவில்லை. சொன்னது சரியா என்று இன்னும் தெரியவில்லை. வேலைக்கு நடுவில் எழுந்து எழுந்து நடக்கிறேன். நீ கோபப்படுவாயா, சிரிப்பாயா? சிரிப்பாய் என்றுதான் பாதி நேரம் தோன்றுகிறது. மீதி நேரம் உன் முகமே பிடிபடுவதில்லை.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மறுபடி கொடுத்த அந்தத் தேதியில் ஆஸ்பத்திரிக் கதவு வரை வந்தவள் சட்டென நின்றாய். மறுபடி காருக்குப் போய்விடுவாய் என்று நான் உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். நீ அதை என் பிடியிலிருந்து மெதுவாக விடுவித்து, தலைத்துணியைச் சரிசெய்தாய். "எனக்கு இப்பவும் ஓடணும்போலத்தான் இருக்குடி" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் உள்ளே போனாய்.