கலயத்து வாயில் மஞ்சள் துணி

அத்தை,

இன்று காலை பிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். அதன் பின்புறம் கீழே ஒரு தட்டு இருக்கிறது. உள்ளே உருகும் பனியெல்லாம் அதில்தான் வந்து சேரும். உருவியதும் ஒரு வாடை அடித்தது. பல நாள் அசையாமல் கிடந்த தண்ணீரில் இலை ஊறினால் வருமே, அந்த வாடை. இலை ஒன்றும் இல்லை, தூசிதான். ஜன்னல் வெளிச்சத்தில் தட்டை வைத்துக் குனிந்து பார்த்தேன். புழு இல்லை. மறுபடியும் பார்த்தேன். அடுப்படியிலிருந்து செல்வி, "என்ன அங்க, தங்கம் கெடச்சுதா?" என்றாள். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நீங்கள் இருந்தவரை நாம் நேராகப் பேசிக்கொண்டது மிகக் குறைவு. மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்பது உங்கள் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, "கண்ணு, மாப்ளய இன்னொரு தோசை வச்சுக்கச் சொல்லு" என்பீர்கள். நானும் செல்வியைப் பார்த்து, "போதும்னு அத்தைகிட்ட சொல்லு" என்பேன். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது, நடுவுல நான் எதுக்கு?" என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. செல்விக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து அரும்பாவூரில் உங்கள் வீட்டில் இருந்தாள். நான் பெரம்பலூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பருவம் முழுக்க எனக்கு ஒரே செய்திதான், மூட்டு மூட்டாகப் பிடித்து முடக்கும் அந்தக் கொசுக்காய்ச்சல். பஸ் ஸ்டாண்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சீட்டில் உட்கார்ந்தவரை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஒரு நாள் ஒரு டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிரசவ நேரத்தில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் இருந்தால் குழந்தைக்கும் போகலாம் என்று தெரிய வருகிறது என்றார். பிறகு என் நோட்டைப் பார்த்து, "இத எழுதாதீங்க சார், பயந்துருவாங்க" என்றார். நான் எழுதவில்லை. அன்றிலிருந்து செல்விக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே செல்வி போன் செய்தாள். "அப்பாவுக்குக் காய்ச்சல். ஒடம்பெல்லாம் செவப்பு செவப்பா போட்டிருக்கு. ஆத்தா வந்திருக்கான்னு அம்மா வாசல்ல வேப்பிலை கட்டிட்டாங்க."

"முட்டி வலிக்குதாமா?"

"எந்திரிக்கவே முடியல."

அது அம்மை இல்லை, நீ உடனே பெரம்பலூருக்குக் கிளம்பி வா என்றேன். பக்கத்தில் நின்ற உங்கள் குரல் எனக்கே கேட்டது. "ஆத்தா வந்த வூட்லேர்ந்து தாண்டிப் போவக் கூடாதுன்னு சொல்லு. மூணாந் தண்ணி ஊத்துனதும் நானே அனுப்புறேன்." தடிப்பு இறங்கிய பிறகு நாள் பார்த்து மூன்று முறை மாமாவுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும். அதுவரை எட்டு மாதக் கர்ப்பிணி அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தேன். வெளியிலிருந்து வந்தவன் உள்ளே போகக் கூடாது என்பதால் மாமாவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கட்டிலில் கிடந்தார். "வாங்க மாப்ள. வெங்காயக் காட்டுல நாலு ஆள் வேல பாப்பேன். இன்னிக்கு லுங்கி கட்டிவுட ஒரு ஆள் வேண்டியிருக்கு" என்று சிரித்தார். சிரிக்கும்போதும் விரல்களை மடக்க முடியவில்லை.

அவர் தலைமாட்டில், ஜன்னல் கட்டை மேல், நீங்கள் அந்த மண் கலயத்தை வைத்திருந்தீர்கள். மஞ்சள் கலந்த தண்ணீர், அதில் வேப்பங்கொத்து. ஆறாவது நாள் அது. கொட்டக் கூடாது என்பதால் தினமும் காலையில் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். வெயில் நேராக அதற்குள் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே நூல் நூலாகத் துள்ளிக்கொண்டிருந்தன. என் நிழல் பட்டதும் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

எனக்கு அவற்றை அடையாளம் தெரியும், கொசுப்புழுக்கள். பத்து நாள் முன்பு ஒரு சுகாதார ஆய்வாளர் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிக் காட்டியிருந்தார். சாக்கடையில் தேடாதீர்கள், இந்தக் கொசு வீட்டுக்குள் நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும் என்றார். நீர்மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும், மேலே தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். நீங்கள் காலைதோறும் பக்தியோடு ஊற்றியது அதற்குத்தான் உதவியிருக்கிறது. காய்ச்சல்காரர் தலைமாட்டில் கலயம். அடுத்த அறையில் செல்வி.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற செல்வியிடம், "அந்தத் தண்ணியக் கொட்டச் சொல்லு" என்றேன்.

"ஆத்தா ஒக்காந்திருக்குற கலயம்னு சொல்லு கண்ணு. அசைக்கப்படாது" என்றீர்கள், உள்கதவுக்குப் பின்னாலிருந்து.

"புழு இருக்குன்னு சொல்லு."

"வேப்பிலை கெடக்குற தண்ணியில புழு வராதுன்னு சொல்லு."

கை நீட்டினால் எட்டும். தட்டிவிட்டிருக்கலாம். சாமி விஷயத்தில் மூடத்தனம் பற்றி எத்தனையோ எழுதியவன் நான். ஆனாலும் கை நீளவில்லை. நான் அதைக் கவிழ்த்து, பிறகு செல்விக்கோ பிள்ளைக்கோ ஒன்று ஆகிவிட்டால், ஊர் சொல்வது இருக்கட்டும், நானே என்ன நினைப்பேன் என்று தெரியவில்லை. என்ன செய்கிறோம் என்ற நினைப்பில்லாமல், கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"அத்தை, எனக்குப் பயமா இருக்கு."

செல்வி என்னையே பார்த்தாள். மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். கதவு திறந்தது. நீங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேராக வந்து நின்றீர்கள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. கொட்டு, கவுத்துன்னா நான் என்னத்தக் கண்டேன்" என்றீர்கள். கலயத்துக்குள் பார்த்தீர்கள். உங்கள் கண்ணுக்குப் புழு தெரிந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்தீர்கள். "ஆத்தாளுக்குப் பாவாடை சாத்துறேன். அதுக்கு யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க" என்று கலயத்து வாயை மூடி, கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டினீர்கள். எந்த அதிகாரிக்கும் எனக்கும் தோன்றாத வழி அது.

மூன்றாம் நாள் போன் வந்தது. எடுத்தால் நீங்கள். அதற்கு முன்பு நீங்கள் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"மாப்ள, நாந்தான்." குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "துணிக்கு அடியில ஒக்காந்திருக்கு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். காலெல்லாம் வெள்ள வெள்ளயா வரி."

"எத்தன இருக்கும்?"

"எண்ணல. எண்ண மனசு வல்ல." பிறகு நீங்களே கேட்டீர்கள்: "இத்தன நாளா எம் பொண்ணு பக்கத்துல நானேவா இத வளத்தேன்?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும் என்று மட்டும் சொன்னேன். "பகல்லயா? ராத்திரிக்குத்தான கொசுவத்தி வக்கிறோம்" என்றீர்கள். கொசுவலை அனுப்புகிறேன், பகலிலும் செல்வி அதற்குள்ளேயே இருக்கட்டும் என்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பின் நடந்ததைச் செல்வி சொல்லித்தான் தெரியும். ஆட்டுக்கல் குழியில் தேங்கியதை ஒற்றித் துடைத்தீர்கள். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சிரட்டையைக் கவிழ்த்தீர்கள். கொல்லையில் கிடந்த டயரை மண் போட்டு நிரப்பினீர்கள். குடிதண்ணீர் அண்டாவை மூன்று நாளுக்கு ஒருமுறை காலி செய்து, உள்சுவரைச் சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தீர்கள். "பக்கத்து வூட்டுக்காரங்க, மவ பிரசவத்துக்கு வந்திருக்காளா, கலெக்டர் வர்றாரான்னு கேக்குறாங்க" என்றாள் செல்வி.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கலயத்தைத் துணி அவிழ்க்காமலே களத்துமேட்டு வெயிலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்த அன்று, நான் செல்வியை அழைத்துப்போக வந்தேன். நீங்கள் மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய்விட்டிருந்தீர்கள். "பாத்துக் கூட்டிட்டுப் போவச் சொல்லு கண்ணு" என்ற குரல் மட்டும் வந்தது. பழைய வழக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். எனக்குச் சற்று வருத்தமாகவும் இருந்தது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்து, முப்பதாம் நாள் செல்வி சொன்னாள். நான் அவளை அழைத்துப்போக வந்த அன்று உங்களால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சல். சொன்னால் பயணம் நின்றுவிடும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். அவள் வலைக்குள் இருந்த பகல் முழுக்க, நீங்கள் வலைக்கு வெளியே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எந்தக் கொசு, எந்த நாள் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு உங்கள் முட்டி நேராகவே இல்லை. பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் என் வீட்டு இரண்டு படியைப் பக்கவாட்டில் ஏறுவீர்கள். மாமா தேறிவிட்டார். நீங்கள் கடைசிவரை அப்படியேதான் நடந்தீர்கள்.

துணிக்கு அடியில் கொசு கண்டதிலிருந்து மூன்றாம் தண்ணீர் வரை நான் ஒரு தடவைகூட அரும்பாவூர் வரவில்லை. வேலை என்று சொன்னேன். வேலை இருந்தது, ஆனால் வர முடியாத அளவுக்கு இல்லை. அந்த வீட்டுக்குள் என்னை ஏதாவது கடித்துவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். வலை வாங்கப் போன அன்று கடைவீதியில் இரண்டே வலைதான் மிச்சம் இருந்தது. செல்விக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று நினைத்துத்தான் இரண்டையும் வாங்கினேன். ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்தேன். மற்றொன்றை என் அறையில் கட்டி, பட்டப்பகலில் அதற்குள் உட்கார்ந்து, காய்ச்சல் செய்திகளை எழுதினேன்.

செல்விக்கு இது தெரியாது. உங்களுக்கும் சொல்லவில்லை. அந்த வலை பரணில் இருக்கிறது, ஓர் இழைகூடப் பிரியவில்லை. எடுத்துக் கட்டிப் படுக்கவும் முடியவில்லை. யாருக்காவது கொடுத்துவிடவும் முடியவில்லை.