சுந்தரவல்லி சாப்பிடும் நேரம்

1989 ஜூன் 12

கடும் வெயில். கிணற்றில் தண்ணீர் இன்னும் இறங்கிவிட்டது. நடுப்பகல் சந்தியாவந்தனத்துக்குப் பத்தரைக்கு உட்கார்ந்தவன் மூன்றரைக்கு எழுந்தேன். காயத்ரி எண்ணிக்கை தவறியதோ என்று சந்தேகம், முதலிலிருந்து. ஆசமனத்தில் தண்ணீர் ஒரு சொட்டு அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகம், மறுபடி முதலிலிருந்து. தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருடம் பிறர் தப்பைத் தேடியவன் ஓய்வு பெற்றபின் தனக்கே ஒரு கிளை திறந்துகொண்டான்.

சாதம் ஆறிப்போயிருந்தது. அதையேதான் சுந்தரவல்லியும் சாப்பிட்டாள். நான் சாப்பிடாமல் அவள் சாப்பிடுவதில்லை. கல்யாணமான நாள் முதல் அப்படித்தான்.

ஜூன் 15

சமையலறையில் விழுந்துவிட்டாள். சர்க்கரை மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு மூன்று மணிவரை பட்டினி கிடந்தால் விழாமல் என்ன செய்வாள்?

பாத்திரத்தோடு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும், கையில் இருந்த எண்ணிக்கையை முடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

சீ.

பக்கத்துத் தெரு டாக்டர் அவளுக்கு ஊசி போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அவங்களுக்கு நான் போதும். உங்களுக்கு மனசு டாக்டர் யாரையாவது பாருங்க, சார்."

ஜூன் 16

"எனக்காகக் காத்திருக்காதே, சாப்பிட்டுவிடு" என்றேன். "நன்னாயிருக்கு!" என்றாள். பேச்சு முடிந்தது.

ஜூன் 24

மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் போய்ப் பெரிய மனநல டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். இங்கிலாந்தில் பத்து வருடம் இருந்தவராம். அறையில் அவ்வளவு குளிர். அவருக்கு இங்கிலாந்து இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. என் பெயர் லக்ஷ்மிநாராயணன் என்று எழுதிக் கொடுத்தும் கடைசிவரை "மிஸ்டர் லக்ஷ்மி" என்றே கூப்பிட்டார்.

"தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து மூன்று தரம் உட்கொள்ள வேண்டும்" என்று ஆசமனத்திலிருந்து ஆரம்பித்தேன். "வடிகட்டின தண்ணியா?" என்று கேட்டார்.

என் அப்பா அடிப்பாரா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. பிறகு, தாம்பத்தியம் எப்படி என்றார். எனக்கு அறுபத்தாறு வயது. இருமல் வந்துவிட்டது. அந்த இருமலையும் எழுதிக்கொண்டார்.

முடிவில், "மிஸ்டர் லக்ஷ்மி, எல்லாத்தையும் நிறுத்திடுங்க. அந்த நேரத்துல ஸ்விம்மிங் போங்க." தாம்பரத்தில், இந்தக் கோடையில்! குளிப்பதற்கே லாரிக்காகக் குடத்தோடு நிற்கிறோம்.

சந்தியாவந்தனம் என் வியாதி அல்ல. அதற்குள் ஒரு வியாதி புகுந்துகொண்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தமிழில்தான் சரியாகச் சொல்லிவிட்டேனா?

ஜூலை 5

சுந்தரவல்லியின் தங்கை காமு குரோம்பேட்டையிலிருந்து வந்தாள். "வெள்ளைக்காரனாட்டம் இருக்கிறவாளுக்கு நம்மாத்து அனுஷ்டானம் என்ன தெரியும், அத்திம்பேர்? நங்கநல்லூர்ல தோத்தாத்ரின்னு ஒரு டாக்டர். நம்மவா. பாதி சொன்னாப் போறும், மீதி அவருக்கே தெரியும்."

நானும் அதையேதான் நினைத்தேன். நம்மவர்தான் வேண்டும்.

ஜூலை 9

டாக்டர் தோத்தாத்ரி நெற்றியில் திருமண். பார்த்ததும் எனக்குப் பாதி வியாதி போய்விட்டது. மீதியைச் சொல்ல அவர் விட்டால்தானே! பூர்வீகம் எது, யாரகத்துப் பிள்ளை, பெண் எடுத்தது எங்கே. ஐந்து நிமிடத்துக்குள், அவருடைய பெரியம்மா மாட்டுப்பெண் காமுவின் நாத்தனாருக்கு ஓரகத்தி என்று கண்டுபிடித்துவிட்டார். அத்தனை சந்தோஷம், வியாதியையே கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். தினம் ஐந்து மணி நேரம் ஆகிறது என்றேன்.

எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன பாக்கியம் சார்! எம் பிள்ளை பூணூலைக் கழட்டி ஆணியில மாட்டிருக்கான். நீங்க ஐஞ்சு மணி நேரமா? இதுக்கு மருந்து குடுத்தா எனக்குன்னா பாவம்!"

"என் அகமுடையாள் பட்டினி கிடக்கிறாள்..."

"அவாளுக்கும் புண்ணியந்தானே?"

ஃபீஸ் வாங்க மறுத்துவிட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஜூலை 11

ரகசியம் என்பது நம்மவருக்கு ஒரு நாள் சரக்கு. நேற்றே நாத்தனார், ஓரகத்தி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இன்று சாயந்திரம் மாம்பலத்திலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர் பெண்ணின் ஜாதகத்தை எடுத்துவந்து என் காலடியில் வைத்து எடுத்துப் போனார். "உங்க ஜபத்துல இவளையும் நினைச்சுக்கணும்" என்றார். என் ஜபத்தில் எனக்கே இடமில்லை!

வியாதிக்கு மாலை போட்டுவிட்டார்கள். இனி எப்படி இறக்குவது?

ஜூலை 19

மாலை கனக்கிறது. ஜன்னல் வழியாக யாராவது உள்ளே பார்க்கிறார்களோ என்று இன்னும் நிதானமாகச் செய்கிறேன். இன்று எழுந்தபோது நாலு மணி. சுந்தரவல்லி சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவை வேர்த்து நனைந்திருந்தது, கை நடுங்கியது, வாயில் சர்க்கரை. "ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே" என்கிறாள். எனக்கு இவள் இல்லாமல்... என்ன பண்ணித் தொலைப்பேன் நான்?

பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார். வேதசிரோமணி, மேற்குத் தாம்பரம், வியாழக்கிழமை மட்டும். கிறிஸ்தவப் பெண்மணி. இங்கிலாந்துக்காரருக்கே ஆசமனம் புரியவில்லை. இந்த அம்மாளுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஜூலை 27

மருந்துக்கடை மாடியில் கிளினிக். வாசலில் உட்கார்ந்திருந்த தனம் என்கிற ஆயா அதட்டினாள். "இன்னா ஐயரே, அங்கியும் இங்கியும் நடந்துகினு கீற? குந்து. அம்மா கூப்புடுவாங்க." ஐயர் இல்லை, ஐயங்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். தைரியம் வரவில்லை. குந்தினேன்.

வேதசிரோமணி அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கைத்தறிப் புடவை. முதலில் ஒன்று சொன்னார். "எனக்கு உங்க பூஜை தெரியாது சார். தெரியாததைக் கேப்பேன். கோவிச்சுக்காதீங்க." இரண்டு பெரிய டாக்டர்கள் சொல்லாத வாக்கியம்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே திரும்புவேன், சந்தேகம் வரும்போது உடம்பில் எந்த இடத்தில் தெரியும், சின்ன வயதில் எவ்வளவு நேரம் ஆகும். இருபது நிமிடம் என்றேன்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா என்ன சொல்லுவீங்க?"

மந்திரத்தில் குறை, செய்கையில் குறை, பக்தியில் குறை எது இருந்தாலும் நிறைவாக ஏற்றுக்கொள் என்று ஒரு சுலோகம் சொல்வேன், அதன் பொருள் இது என்றேன்.

"குறை இருக்கும்னு தெரிஞ்சுதானே எழுதி வெச்சிருக்காங்க? நீங்க குறையே இல்லாம முடிச்சிட்டா அந்தச் சுலோகத்துக்கு வேலை இல்லாமப் போயிடுமே சார்!"

சிரித்துவிட்டேன். சமஸ்கிருதம் படித்தவன் நான்.

கிளம்பும்போது, "எங்கப்பா பாஸ்டர். ஒரே ஜெபத்தை மறுபடி மறுபடி சொல்லுவார், மனசு சுத்தமா இல்லேன்னு. அம்மா சோத்தை மூடி வெச்சிட்டு வாசப்படியில உக்காந்திருப்பாங்க" என்றார். பிறகு, "அடுத்த வாரம் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

ஜூலை 28

அந்தச் சுலோகத்தைச் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம். பதினோரு தரம் சொன்னேன். குறையை மன்னிக்கச் சொல்வதிலும் குறை கண்டுபிடிக்கிறவனை எந்தத் தெய்வம் என்ன செய்யும்?

ஆகஸ்ட் 3

சுந்தரவல்லியைத் தனியாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நான் வெளியே. அரை மணி நேரம். நடுவில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் வந்தது. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

"இன்னா ஐயரே, உன் சம்சாரம் கிட்ட அம்மா நல்லா பேசிகினு கீறாங்க. பயந்துக்காதே" என்றாள் தனம்.

எனக்கு ஒரு மாத்திரையும் ஒரு பாடமும். சந்தேகம் வந்தால் திரும்பப் போகாமல் அடுத்த மந்திரத்துக்குப் போக வேண்டும், சந்தேகத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு. கேட்க எளிது.

திரும்பும்போது, "உன்கிட்ட என்ன சொன்னா?" என்றேன்.

"அது எங்களுக்குள்ளே" என்றாள். நாற்பது வருடத்தில் இவளுக்கு எனக்குத் தெரியாமல் ஒரு 'எங்களுக்குள்ளே' இருந்ததில்லை.

ஆகஸ்ட் 5

இரண்டரைக்கு எழுந்து வந்தேன். அவள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. என் தட்டு மட்டும் கிடந்தது. மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே, "மூடி வெச்சிருக்கேன். போட்டுண்டு சாப்பிடுங்கோ."

நின்றேன். கோபமா? வெட்கமா? தெரியவில்லை. என் ஒவ்வொரு தப்புக்கும் இத்தனை நாள் அவள் வயிறு அபராதம் கட்டியிருக்கிறது. இன்று கட்ட ஆளில்லை.

குழம்பை நானே ஊற்றிக்கொண்டேன். கரண்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 6

பன்னிரண்டு மணிக்கு அப்பளம் பொரிகிற வாசனை வந்தது. நான் வெளியே வந்தபோது வாசனைதான் மிச்சம். "நமத்துப் போயிடுமேன்னு நானே சாப்ட்டுட்டேன்" என்றாள். முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை.

ஆகஸ்ட் 9

காமு வந்து பார்த்துவிட்டுப் பொரிந்தாள். "அத்திம்பேர் ஜபத்துல இருக்கறச்சே நீ தட்டுல கை வெக்கலாமாக்கா? நாலு பேர் என்ன சொல்லுவா?"

"நாலு பேரும் வந்தா அவாளுக்கும் ஒரு பிடி போடறேன். அவர் பெருமாளுக்குப் பதில் சொல்லிக்கட்டும். நான் என் டாக்டருக்குப் பதில் சொல்லணும்."

'என் டாக்டர்'. அந்த அம்மாளை முதலில் பார்த்தது நான்.

ஆகஸ்ட் 14

இன்று ஒன்றரைக்கே எழுந்துவிட்டேன். இரண்டு இடத்தில் திரும்பிப் போனேன். மூன்றாவது இடத்தில் போகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டபடியே அடுத்ததைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19

இன்றும் சந்தேகம் வந்தது, காயத்ரி நடுவிலேயே. சரியாகச் சொன்னேனா? இப்போதும் தெரியவில்லை. எழுந்து வரும்போதும் கூடவே வந்தது. சுந்தரவல்லி மோர் சாதத்துக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் கிடந்த பாத்திரத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"வாழைக்காய் வறுவல் கொஞ்சந்தான் இருக்கு. வேணும்னா ஓடி வாங்கோ!"

ஓடினேன்.