பேசாமல் வீடு பார்க்கப் போனேன், சம்பந்தி

போன இடத்திலும் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் என் அருமைச் சம்பந்தி அம்சாவுக்கு,

முதலில், நீ கண் மூடிய பிறகான நம் பிள்ளைகளின் சேதி. உன் மகளும் என் மகனும் பெற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. பெரியவன் பிரபு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். எந்தக் கிரேனில் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் எல்லாக் கிரேனுக்கும் கையாட்டிவிட்டு வருகிறேன். சின்னவள் கேரம் விளையாட்டில் மாநில அளவில் கோப்பை வாங்கினாள். கோப்பை அவள் இடுப்பு உயரம், டி.வி.க்குப் பக்கத்தில் இடமில்லாமல் அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறோம்.

நடுவுள்ளவள் கயல்விழி இப்போது டாக்டர். ஊசி போடாத டாக்டர். எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் நீ கையால் தடவி இறால் பிடிக்கும்போது பறிக்கூடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றவள், அந்தச் சேற்றுப் பூச்சிகளைப் பற்றியே எழுதிப் பட்டம் வாங்கிவிட்டாள். சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே காலேஜில் பாடம் நடத்துகிறாள்.

அந்த ஊரை உனக்கு எப்படிச் சொல்வேன்? காலேஜ் மணி அடித்தால் ஊர் எழுந்திருக்கிறது. லீவு விட்டால் ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்கின்றன. துணி காயப்போட்டால் நம் பக்கம் மாதிரி அனல்மின் நிலையச் சாம்பல் படியவில்லை. கடலைப் பார்த்தேன். ஒரு கப்பல்கூட நிற்கவில்லை. வெறும் கடல். எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

கயல் அங்கே வாடகைக்கு இருக்கிறாள். ஒரு நாள் கருவாடு வறுத்திருக்கிறாள். மேல் வீட்டிலிருந்து கையில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு இறங்கி வந்தார்களாம். வாசலில் செருகிவிட்டுப் போய்விட்டார்களாம். அன்றைக்கு எனக்குப் போன் பண்ணி, "ஆயா, நான் சொந்தமா வூடு வாங்கப் போறேன். நீ வந்து பார்த்து சரின்னு சொன்னாதான்" என்றாள். பேங்கில் லோனும் கொடுக்கிறோம் என்றார்கள். நான் பட்டுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

தெருமுனையில் தரகர் நின்றிருந்தார். கயலோடு நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இன்னா நைனா, எந்த வூடு? தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அந்த ஆள் கயலைத் தனியாகக் கூப்பிடுவது போல் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படியே சொன்னார்: "மேடம், அந்த வீட்டம்மா ரிட்டயர்டு டீச்சர். ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேங்கிறாங்க. பாட்டி கொஞ்சம் பேசாம இருந்தா நல்லது."

நான் கயலைப் பார்த்தேன். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீயாக இருந்தால் அந்தத் தெருவிலேயே அவரைத் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருப்பாய். நான் வாயை மூடிக்கொண்டேன். என் பேச்சால் குழந்தைக்கு வீடு போய்விடக் கூடாதே என்றுதான். ஆனால் அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை, சம்பந்தி?

நல்ல வீடு. டீச்சர் காபி கொடுத்தார். என்னை ஏதோ கேட்டார், தலையாட்டினேன். மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன். "பாவம், பாட்டிக்குப் பேச்சு வராதா?" என்றார். தரகர் முந்திக்கொண்டு, "ஆமாங்க டீச்சர், கொஞ்ச நாளாவே" என்றார். கயலுக்கு முகம் சிவந்தது.

கயலும் தரகரும் மாடி பார்க்கப் போனார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துச் சமையல்கட்டைக் காட்டினார். குழாயைத் திறந்து காட்டி, குடிக்கிற மாதிரி சைகை செய்தார். பேச்சு வராதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, "நல்ல தண்ணி" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

பின்பக்கம் கிணற்றடியில் உட்கார்ந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"உங்ககிட்ட சொன்னா வெளிய போகாது. எனக்கு இதை விக்க மனசே இல்லைங்க. பையன் கோயம்புத்தூர்ல பதினோராவது மாடியில வீடு வாங்கியிருக்கான். வாம்மா வாம்மாங்கிறான். அவங்க ரெண்டு பேரும் காலையில போனா ராத்திரி வருவாங்க. நான் அங்க யார்கிட்ட பேசுவேன்?"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். படித்த அம்மா, எத்தனை பிள்ளைகளை மிரட்டி உட்காரவைத்திருப்பார். நான் எவ்வளவு நேரம்தான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன்? என்னையும் மீறி வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு டீச்சர் அழுவுற? போமாட்டேன்னு சொல்லேன் உன் புள்ளயாண்ட. குண்டுக்கட்டா தூக்கிகினா போய்டுவான்?"

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "உங்களுக்குப் பேச்சு வருமா?"

"வரும்மா. தொறந்தா நிக்காது. அதான் மூடிகினு இருக்கச் சொன்னாங்கோ."

"யார் சொன்னது?"

நான் தலையைத் திருப்பினேன். கயல் பின்வாசலில் வந்து நின்றிருந்தாள்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வாசல்வரை வந்து அனுப்பினார். தெருவில் தரகர், "கெடுத்தீங்களே பாட்டி" என்றார். "மூட்ரா வாய" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு நிம்மதி.

பஸ்ஸில் கயலைக் கேட்டேன்: "என்னால உனக்கு வெக்கமாடி?" அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வெக்கம் இல்ல ஆயா, பயம். வூடு கெடைக்காம பூடுமோன்னு பயம்" என்றாள். இரண்டும் வேறு வேறுதானா? உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு விடை தெரியவில்லை; ஊருக்குத் திரும்பியும் வீட்டுக்கும் கடற்கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். வீட்டை விற்காதே என்று வீட்டுக்காரியிடமே சொல்லிவிட்டு வந்தவள் நான்.

போன வாரம் டீச்சர் கயலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பிள்ளையிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வீட்டை விற்கவில்லையாம். "உங்க ஆயா எப்ப வந்தாலும் எங்க வீட்டுக்கு வரணும், பேசணும்" என்றாராம்.

வீடு போயிற்று, அம்சா. என் வாயாலேயே போயிற்று.

கயல் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நேற்றுக் கூப்பிட்டாள். காலேஜுக்குப் பின்தெருவில் இன்னொரு வீடு வருகிறதாம். சின்னது. சமையல்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கிணறும் கிடையாது. "வேற தரகர் ஆயா. போன்லயே சொல்லிட்டேன். எங்க ஆயா வருவாங்க, பேசுவாங்க, மெட்ராஸ் பாஷைதான் பேசுவாங்க, அது ஆகும்னா வூட்டைக் காட்டுங்கன்னு."

"அதுக்கு அந்தாளு இன்னா சொன்னான்?"

"ஞாயித்துக்கிழமை வாங்கன்னாரு."

கொடுப்பார்களா, தெரியாது. இந்த ராத்திரியும் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. ஆனால் போகிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: இந்தத் தடவை வாசல்படி ஏறும்போதே பேசிக்கொண்டுதான் ஏறுவேன். உன் பங்குக்கும் சேர்த்து.

எந்த வீடு வாய்த்தாலும் கூடத்தில் உன் படம் மாட்ட வேண்டும் என்கிறாள் கயல். இருப்பது ஆதார் அட்டைக்கு எடுத்ததுதான். அதில் நீ உதட்டை இறுக்கிக்கொண்டு யாரோ போல் இருக்கிறாய். அது வேண்டாம். பத்திரிகையில் இதைப் படிக்கிற, அம்சாவின் ஊரான நெட்டுக்குப்பத்து ஜனங்களே, யாருடைய கல்யாணத்திலாவது, எந்தச் சண்டையிலாவது, அம்சா வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிற படம் உங்கள் போனில் இருந்தால் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எனக்குத் தபாலில் அனுப்புங்கள்.

கயலுக்கு நீ ஒரு ஆயா என்றால்,
இன்னொரு ஆயா,
உன் சம்பந்தி சரோஜா,
திருவொற்றியூர்.