நிறுத்தச் சொன்ன மூன்றாவது தடவை

துவைக்கப் போடுவதற்கு முன் துணிப்பையை உதறினேன். ஓரத்துச் சின்ன உறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து அடுப்படி வரைக்கும் உருண்டு போனது. காய்ந்து கோலிக்குண்டு மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் கீறினேன், வாசனை இன்னும் போகவில்லை. உன்னைப் பார்க்கக் கொல்லங்கோட்டுக்கு வந்த அன்று கையில் வைத்திருந்த பழம்தான். வேலையைப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறினால் வாந்தி வருவது நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு உள்ளதுதான். எனக்கு அதைவிடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. வாய் திறந்து எதையும் கேட்க மாட்டேன். வயிறு புரளும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இந்த வளைவு முடியட்டும், அடுத்த வளைவு முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வது, கலெக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது மாதிரி எனக்கு. அதனாலேயே எஸ்டேட்டை விட்டு எங்கும் போகாமல் நாற்பது வயது வரை ஓட்டிவிட்டேன்.

அம்மா உடுமலைப்பேட்டையில் தம்பி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தம்பி போன் செய்தான். "அம்மா ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றான். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். நீ முன்னால போ, நான் நாளைக்கு வருகிறேன் என்றார். போனேன், மறையூர் வரைக்கும். அதற்குள் என் சேலையெல்லாம் நாசம், பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். மறையூரில் இறங்கி முகத்தைக் கழுவியவள், திரும்ப அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் ஜீப் பிடித்துப் போவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டது.

எல்லாரிடமும் சின்னாறு ரோட்டில் யானை மறித்துவிட்டது, பஸ் திரும்பிவிட்டது என்று சொன்னேன். யானையா வந்து இல்லை என்று சொல்லப் போகிறது? லயமே நம்பியது, வீட்டுக்காரர் உட்பட. நீ மட்டும் நம்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருபது வருஷம் குடியிருந்தவளாயிற்றே. கருமாதி முடிந்து நான் வேலைக்கு வந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"ஏட்டி, மேல் வரிசை வீட்டு அக்காவும் அந்த பஸ்ஸுலதான போச்சு. அது என்ன, யானை மேல ஏறியா ஒடுமலைக்குப் போய்ச் சேந்துச்சு?"

அப்போதுதான் அழுதேன். அம்மா செத்ததற்கே அவ்வளவு அழவில்லை. நீ திட்டுவாய் என்று நினைத்தேன், தூக்குச்சட்டியில் இருந்த உன் முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தாய். யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆனால் மறுவாரம் ஆரம்பித்தாய் பார், அந்தக் கொடுமையை. தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே மேட்டில் நீ, பள்ளத்தில் நான். நீதான் டிரைவராம். "சேட்டா, வண்டிய நிறுத்துங்க" என்று உனக்குக் கேட்கிற மாதிரி நான் சொல்ல வேண்டுமாம். முணுமுணுத்தேன். நீ நிற்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தாய். "டிரைவருக்கு முதுகுல கண்ணு இல்ல, சத்தமாச் சொல்லு" என்று அங்கிருந்து கத்தினாய். உன் குரலுக்கு அடுத்த மலையில் நாய் குரைத்தது. நாலாவது நாள், வந்த எரிச்சலில் நானும் கத்திவிட்டேன். கீழே ரோட்டில் பைக்கில் போய்க்கொண்டிருந்த சூப்பர்வைசர் பிரேக் போட்டு அண்ணாந்து பார்த்தார். வரிசையே கொழுந்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல், "பாத்தியா, வண்டி நின்னுருச்சு" என்றாய்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குக் கூட்டிப் போனாய். கூட்டிப் போனாய் என்று சொல்வதே தப்பு. என்னை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, யாரோ மாதிரி கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய், பாவி. மறையூர் தாண்டி இறக்கத்தில் வயிறு புரண்டது. முந்தானையோடு வாய்க்குப் போன கையை இழுத்துக்கொண்டு கத்தினேன், கொழுந்துக் காட்டில் கத்தின அதே கத்தல்.

வண்டி நின்றது. இது காடு, சீக்கிரம் வா சேச்சி என்று கண்டக்டர் மலையாளத்தில் முனகினார். நான் ஓரமாகக் குனிந்து வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பாதி பஸ் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பெண்கள் என்னை மாதிரியே குனிந்து நின்றார்கள். முறுக்கு மீசை வைத்த ஓர் ஆள் புதரிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து, "நல்ல காரியம் செஞ்சீங்கம்மா, ஒரு மணி நேரமா அடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிறு லேசாகி, நெஞ்சும் லேசாகி, அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை. திரும்பி வரும்போது மறையூரில் சூடு ஆறாத உருண்டை வெல்லம் வாங்கி என் கையில் வைத்தாய்.

அதற்கப்புறம் பஸ் மட்டுமா? வில்லேஜ் ஆபீஸில் மலையாளத்தில் கடகடவென்று சொன்னவரை, எனக்குப் புரியலை சார், மெதுவாகச் சொல்லுங்கள் என்று நிறுத்தினேன். டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டியபோது, இது எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கும். அவருக்கு முதுகில் கண் இல்லை என்று நினைத்துக்கொள்வேன், வந்துவிடும்.

நீ ஓய்வு பெற்று, கொல்லங்கோட்டுக்கு மகள் வீட்டோடு போய்விட்டாய். போன மாசி மாதம் உன் மகளிடமிருந்து போன் வந்தது. "சித்தி, அம்மா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு." தம்பி அன்று சொன்ன அதே வார்த்தை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட்டேன், கையில் பழைய பழக்கத்துக்கு ஓர் எலுமிச்சம்பழத்தோடு. உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறி, வெயில் சாய்வதற்குள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

நீ பாதியாகிப் போயிருந்தாய். குரலும் பாதிதான். என் கையில் இருந்த பழத்தைப் பார்த்துவிட்டு, "எத்தன தடவ நிறுத்துன?" என்று கேட்டாய்.

"ரெண்டு தடவ."

"சத்தமாச் சொன்னியா?"

சொன்னேன் என்றேன். பழத்தை வாங்கி மோந்து பார்த்தாய், மருந்து நாற்றத்துக்கு இதமாக இருக்கிறது என்றாய். கொஞ்ச நேரம் மூக்கிலேயே வைத்திருந்துவிட்டு, திரும்பிப் போகும்போது வேண்டும் என்று என் பையில் நீயே போட்டாய். மூன்றாம் நாள் காலை, என் கை உன் கைமேல் இருக்கும்போதே போய்விட்டாய்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மாவுக்குப் பிறகு நெஞ்சில் ஏறி உட்கார்ந்த அந்தக் கல் இந்தத் தடவை இல்லை. கூப்பிட்டாய், வந்துவிட்டேன். யானைமேல் பழி போட வேண்டிய வேலை இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் பெருமூச்சு வருகிறது, நல்ல பெருமூச்சு.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. காரியம் முடிந்து திரும்பி வந்தபோது வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறையூரை நெருங்கும்போது கரும்புச்சாறு காயும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானை வாய்க்குப் போனது. எடுத்துவிட்டேன். டிரைவர் நிறுத்தினார். கரும்புத் தோட்டத்து ஓரத்தில் நின்று, வாய்விட்டு, உன் பெயரைச் சொல்லி அழுது முடித்தேன். ஏறும்போது கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இரண்டு தடவை என்று சொன்னேன் அல்லவா, இதையும் சேர்த்து மூன்று என்று வைத்துக்கொள். சத்தமாகத்தான் சொன்னேன்.